ஏழாம் தெருவின் மூடி

வாளியக்கா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் கட்டிய புருஷனே ஒரு நொடி யோசிப்பான். சாக்கடை மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய வாளியை இறக்கி, ஒரு பாட்டில் கழிவுநீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது அவள் உத்தியோகம். ஜனங்களின் குடலில் என்ன வைரஸ் சுற்றுகிறது என்பதை, யாருக்கும் ஊசி குத்தாமல் அந்தத் தண்ணீர் சொல்லிவிடும். "ஊர் ரகசியமெல்லாம் உன் பெட்டியிலதான். முதல்ல குளிச்சுட்டு வா, மகாராணி" என்று புருஷன் வாசலிலேயே மறிப்பான்.

மாதம் ஒரு தடவை, பத்துத் தெருவுக்குப் பத்து பாட்டில். காலை எட்டுக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் கலந்து நீர்த்துவிடும். ஏழாம் தெருவில் மட்டும் அவளுக்கு ஒரு ரசிகை உண்டு. பச்சைக் கதவு வீட்டுக் குழந்தை, நாலு வயது, சரியான வாயாடி. வாளி இறங்கியதும் ஓடிவந்து, "அத்தை, மீன் மாட்டிச்சா?" என்று கேட்கும்.

"எங்க கண்ணு! உங்க தெரு மீனுக்கெல்லாம் சாமர்த்தியம் ஜாஸ்தி" என்பாள் வாளியக்கா.

அந்தப் பாழாய்ப்போன மாதம், ஏழாம் தெரு மூடியின் மேல் எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். வீடு வீடாகத் தட்டிக் கேட்டாள். யாருடைய கார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மணி எட்டாகப் போகிறது. பாட்டில் காலியாகப் போனால் 'மாதிரி எடுக்காத காரணம்' என்றொரு படிவம் எழுதி, மேலதிகாரியிடம் நின்று திட்டு வாங்க வேண்டும். பக்கத்துத் தெருதானே, என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கினாள்.

"இன்னிக்கு மீன் பிடிக்கலையா அத்தை?" காரைத் தொட்டுக்கொண்டு நின்றது குழந்தை.

"இன்னிக்கு மீனுக்கு லீவு கண்ணு."

ஆறாம் தெருவுக்குத் திரும்பிப் போய், அதே மூடியில் இரண்டாவது பாட்டிலையும் நிரப்பி, ஏழு என்று சீட்டு ஒட்டினாள். இரண்டும் சுத்தம் என்று முடிவு வந்தது.

அடுத்த மாதம் ஏழில் ஒழுங்காக எடுத்தாள். அதில் கால்களை முடக்கும் போலியோ வைரஸ் இருந்தது. சொட்டு மருந்துப் பெட்டியோடு ஆட்கள் கிளம்பினார்கள். பச்சைக் கதவு பூட்டியிருந்தது. தவணை ஒன்று விட்டுப்போன அந்தக் குழந்தை, இடது கால் துவண்டு, நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தது.

அதற்குப் பிறகு எந்த மூடியைத் திறந்தாலும் அடியிலிருந்து அந்தக் குரல்தான் வந்தது. மீன் மாட்டிச்சா? வீட்டில் குழாயைத் திறந்தால், தரையைக் கழுவினால், புருஷன் வாய் கொப்பளித்தால்கூட அதே குரல். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தாள்.

"பேயடிச்ச மாதிரி இருக்கியே, என்னடி ஆச்சு?"

"பேய்னா விரட்டிடலாமே" என்றாள்.

குழந்தை வீடு திரும்பிய வாரம், ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அன்னைக்குச் சுத்தம்னு வந்த ஏழுல மிச்சம் இருந்ததை ஒன்பது தடவை பாத்துட்டேன்க்கா. ஒண்ணுமே இல்ல. வைரஸ் இருந்திருக்கணும், எனக்குத்தான் பிடிபடல. ஒரு குழந்தையோட காலை நான் பறிச்சுட்டேன்." மேசைமேல் ராஜினாமாக் கடிதம் இருந்தது.

வாயை மூடிக்கொண்டால் போதும். பழி அந்தக் கடிதத்தோடு போய்விடும், வேலை தப்பிக்கும். வாளியக்காவுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"டாக்டரம்மா, அது ஏழாம் தெருத் தண்ணி இல்ல. ரெண்டு பாட்டிலும் ஆறாம் தெரு."

டாக்டரம்மா கத்தவில்லை. இழுப்பறையைத் திறந்து, அன்று வாளியக்கா தட்டிக்கழித்த அதே படிவத்தை எடுத்து வைத்தாள். "எழுதுங்க."

காரணம்: மூடியின் மேல் கார் நின்றது. எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடப்பாவி, இதற்கா அன்று அவ்வளவு சோம்பல்! கீழே இன்னொரு கட்டம் இருந்தது: நேரில் பார்த்த சாட்சி. பேனா நின்றுவிட்டது. பிறகு எழுதினாள்: ஏழாம் தெரு, பச்சைக் கதவு வீட்டுக் குழந்தை, வயது நான்கு.

"சாட்சி கையெழுத்து வேணும்க்கா" என்றாள் டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். "சின்னப் பிள்ளைன்னா அம்மா போடணும்."

படிவத்தை மடித்துக்கொண்டு ஏழாம் தெருவுக்கு நடந்தாள். பச்சைக் கதவைத் தட்டினாள். தாய் திறந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உள்ள வாங்கக்கா. மீன் அத்தை எப்ப வருவாங்கன்னு உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா."