மாமா வைத்த கம்ப்யூட்டர் பந்தயம்

ராணியைப் பறிகொடுத்தும் ஜெயித்தவள் என்று எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் பெருமை துளியும் கிடையாது. பள்ளிகளுக்கு இடையிலான செஸ் போட்டியின் கடைசி ஆட்டத்தில் நான் வேண்டுமென்றேதான் ராணியை வெட்டக் கொடுத்தேன். அதை வெட்டிய எதிராளியின் ராஜா திரும்பிப் போக வழியில்லாமல் பலகையின் நடுவே அலைந்தது. என் யானைகளும் குதிரையும் துரத்தித் துரத்தி மடக்கின. கோப்பையோடு வீட்டுக்கு வந்தால் அப்பா சொன்னார்: "கண்ண மூடிக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கா. நல்லவேளை, எதுத்தாப்புல லாரி வரல."

அப்பாவுக்குத் தி. நகரில் புடவைக் கடை. ஜரிகையை உரசிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். எட்டாம் வகுப்பு வந்தாயிற்று, செஸ் போதும், டியூஷனுக்குப் போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டார். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அழுதேன், பட்டினி கிடந்தேன், அம்மாவைத் தூது அனுப்பினேன். அப்பா அசையவில்லை.

ஆடித் தள்ளுபடி முடிந்து அப்பா வீட்டில் காலை நீட்டி உட்காரும் ஒரே நாளில், அம்மாவின் தம்பி வந்து சேர்ந்தார். எங்கள் கடையில் பட்டுப் பிரிவு அவர் பொறுப்பு. அசோக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, தூசி படிந்த தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அத்தான், ஒரு பந்தயம். இவ அன்னிக்கு ராணியக் கொடுத்தாளே, அந்த நகர்வ எந்த மெஷின் சீக்கிரம் கண்டுபிடிக்குதுன்னு பாப்போம். நீங்கதான் நடுவர்."

நடுவர் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் பாய்ந்து வந்து தன் புது லேப்டாப்பைத் திறந்தான். மாமா அதை மெல்ல மூடினார். "இருடா. உன்னோடது கடைசில."

முதலில் மாமாவின் போன். அதிலிருந்த இலவச செஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, ராணியைப் பத்திரமாகப் பின்னால் எடுக்கச் சொன்னது. "பாத்தியா, மெஷினே வேணாங்குது," என்றார் அப்பா.

அடுத்தது பழைய கம்ப்யூட்டர். ஃபேன் உறுமியதே தவிர வேலை நடக்கவில்லை. குதிரையை நகர்த்து என்றது, பிறகு சிப்பாயை என்றது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காத அப்பா டீப்பாய் மேல் பலகையைப் பரப்பி, அன்றைய நிலையை என்னை அடுக்கச் சொன்னார்.

"நான் உன் ராணிய வெட்டாம விட்டா?"

காட்டினேன். தோற்றார். வெட்டிப் பார்த்தார். ராஜாவை இந்தப் பக்கம் ஓட்டினார், அந்தப் பக்கம் ஓட்டினார். எங்கே போனாலும் என் குதிரை வழிமறித்தது. காயைத் திருப்பி வைத்து மறுபடியும் தோற்றார். அப்பா என் எதிரே செஸ் ஆட உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காபி ஆடை கட்டிக் கிடந்தது.

அப்போது திரையில் அது சிபாரிசு செய்த நகர்வுகளின் வரிகள் இடம் மாறின. ராணியைக் கொடுக்கும் என் நகர்வு முதல் வரியாக மேலே ஏறி நின்றது.

"வந்துடுச்சு!" என்று முதலில் கத்தியவர் அப்பாதான்.

பிறகு அண்ணன் முறை. பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன்பே லேப்டாப் விடையைச் சொல்லிவிட்டது. "இதெல்லாம் ஒரு விஷயமேயில்லப்பா," என்றான்.

அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது மெஷின்டா! எம் பொண்ணு தலையில என்ன ப்ளக்கா சொருகியிருந்துச்சு?"

அன்று மாலையே என் பெயரைக் கொடுக்க அவரே ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து பாண்டி பஜார் நெரிசலுக்குள் போனபோது, மொத்தக் கூட்டமும் எனக்காக விலகி வழிவிடுவது போலிருந்தது. கிளம்பும் முன் மாமாவிடம், "உன் டப்பா தோத்துடுச்சு!" என்று குதித்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதைச் சுமந்து படியிறங்கினார்.

பல வருடங்கள் கழித்து ஒரு தீபாவளி நேரம், கடையில் ஒத்தாசைக்கு நின்றேன். ஓர் அம்மாளுக்கு மாமா சுமாரான புடவைகளாகவே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அருமையான அரக்குப் பட்டு ஒன்று அவர் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது.

"அதக் காட்டேன் மாமா," என்று கிசுகிசுத்தேன்.

"முதல்லயே காட்டினா, இவ்ளோதானான்னு எழுந்து போயிடுவாங்கம்மா. நாலு சுமாரானத அவங்களே தள்ளி வைக்கணும். அப்பதான் நல்லது கண்ணுக்குத் தெரியும்."

அண்ணனின் லேப்டாப்பை மாமா மெல்ல மூடிய அந்தப் பந்தய நாள் நினைவுக்கு வந்தது. என்றும் கல்லாவில் முதலாளியாக உட்காரும் அப்பா, அந்த ஒரு நாள் மாமாவின் வாடிக்கையாளராக உட்கார்ந்திருந்தார்.