மூணாவது சேர்

மகேஸ்வரிய நல்லவன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கெட்டவன்னு சொல்லலாம்னு பாத்தா பாதிப் பழி என் தலையிலதான் வுழும். எட்டு வருசமா அவ பார்லர்ல புருவம் எடுக்கறவ நான். பேரு பாப்பாத்தி, சொந்த ஊரு மலைமேல வெள்ளிமலை. கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, மாடியில இருக்குது.

புருசன் வுட்டுட்டு ஓடினப்ப அவளுக்கு முப்பது வயசு. பொண்ணு சங்கவி மூணாவது படிச்சிக்கினு இருந்தா. விழுப்புரத்துல ஆறு மாசம் தொழில் கத்துக்கினு வந்து கடையப் போட்டா. ஆரம்பத்துல நல்லாதான் நடந்துக்கினா, பொய் சொல்லக் கூடாது. யாரு புள்ளைக்குப் பரீட்சை, யாரு மாமியா ஆஸ்பத்திரியில இருக்குது, யாருக்கு டீயில சக்கரை கம்மி, எல்லாம் மனப்பாடம். பொறந்த நாளுன்னா காலையிலயே போன் பண்ணி வாழ்த்திடுவா.

அப்புறம் ஊரு மாவட்டமாச்சி. ஆபீஸுங்க வந்துச்சி, கூடவே ஏசி போட்ட பார்லரும் நாலு வந்துச்சி. எங்க கடையில டீ குடிச்சவ, வாழ்த்து வாங்கினவ, அத்தினி பேரும் அங்க ஏறிட்டாளுங்க! ரெண்டு மாசம் காத்தாடிக்கு கீழ சும்மா உக்காந்திருந்தோம். ஒரு நாளு மகேஸ்வரி சொன்னா, "சந்தோசமா போறவ திரும்பி வர மாட்டாடி பாப்பாத்தி. பயந்து போறவதான் வருவா."

மறுநாளே எலக்ட்ரீஷியன கூப்ட்டு, மூணாவது சேருக்கு நேர் மேல ஒரு வெள்ளை லைட்ட மாட்டினா. கண்ணு கூசற லைட்டு. ஈர முடியோட அதுக்குக் கீழ உக்காந்தா எப்பேர்ப்பட்ட முடிக்காரிக்கும் மண்டத்தோலு பளிச்சுனு தெரியும். முடியக் கழுவினதும் அந்த சேர்ல உக்கார வெச்சி, வகிட்ட ரெண்டு பக்கமும் வெலக்கிப் புடிச்சி, பின்னாடி கைக்கண்ணாடிய காட்டுவா. "ஐயோ அக்கா, உச்சியில இவ்ளோ கம்மியாயிடுச்சே! வூட்ல ஒருத்தர் கூடவா சொல்லல?"

இப்ப என் வேல. தொடப்பத்தோட அந்தப் பக்கம் தற்செயலா வர்ற மாதிரி வந்து, எட்டிப் பாத்து, ஒரே ஒரு வாட்டி உச்சு கொட்டணும். ரெண்டு வாட்டி கொட்டினா நாடகம்னு தெரிஞ்சிடும்னு சொல்லி வெச்சிருந்தா. அவ்ளோதான். நுனி வெட்ட வந்தவ, முடி வளர்ற வைத்தியத்துக்குப் பதினஞ்சி நாளைக்கு ஒரு சிட்டிங்னு பேரு குடுத்துட்டுப் போவா. புள்ள பெத்து அஞ்சி மாசமான கமலா டீச்சர் அந்த சேர்லயே தேம்பித் தேம்பி அழுதுச்சி. புள்ள பெத்தா முடி கொட்டறது சகஜம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் கொட்டினேன் உச்சு. அந்த டீச்சர் இன்னிக்கு வரைக்கும் வேற கடைப் படி ஏறல.

சங்கவி வளந்து, காலேஜ் முடிச்சி, அம்மா கூடவே கடையில தல கழுவிக்கினு இருந்தா. அந்தப் பொண்ணு முடி என் மணிக்கட்டு கனம் இருக்கும், இடுப்புக்குக் கீழ தொங்கும். ஆனா கடைய கண்டாலே அதுக்கு ஆவாது. "பாப்பாக்கா, இங்கேர்ந்து எப்பிடியாவது போயிடணும். யாரும் யாரையும் குத்தம் சொல்லாத வூடா இருந்தா போதும்" அப்பிடிம்பா.

அதுக்கு ஒரு வழியும் வந்துச்சி. கச்சிராயபாளையத்து செல்லியம்மாள், கரும்புக்காரங்க வூட்டம்மா, நாலு வருசமா மூணாவது சேர்ல உக்கார்ற கஸ்டமர். பைக்ல அவங்கள இட்டாந்து வுடற மவன் வெற்றிசெல்வனுக்கும் சங்கவிக்கும் புடிச்சிப் போச்சி. மவன் வூட்ல சொல்லிட்டான். அந்தம்மா வேணாம்னு சொல்லல. "கோயில்ல வெச்சி பாத்தா பூவ வெச்சி எல்லாத்தையும் மறைச்சிடுவாங்க மகேஸு. முடிய விரிச்சி வுட்டு உங்க கடையிலயே ஒரு வாட்டி பாத்துடறேன், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" அப்பிடின்னாங்க.

மகேஸ்வரிக்கு வாயெல்லாம் பல்லு. பொண்ணு முடி மேல அவளுக்கு அவ்ளோ நம்பிக்கை.

அன்னிக்கு சங்கவி தலைக்கு ஊத்திக்கினு, ஈரம் காயாத முடியோட, மாம்பழ கலர் சுடிதார்ல வந்து நின்னா. கமலா டீச்சர் மொத சேர்ல புருவத்துக்குக் காத்துக்கினு இருந்துச்சி. செல்லியம்மாள் சங்கவி கன்னத்தத் தடவி, "உக்காரு கண்ணு"ன்னு இட்டுக்கினு போயி உக்கார வெச்ச எடம் எது? மூணாவது சேரு. லைட்டையும் அவங்களே போட்டாங்க. கைக்கண்ணாடிய எடுத்து, வகிட்ட வெலக்கிப் புடிச்சாங்க. நாலு வருசமா நாங்க கத்துக் குடுத்ததுதானே!

"இன்னா மகேஸு, உச்சியில கம்மியா இருக்குதே?"

நான் தொடப்பத்தோட பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். அந்த வார்த்தைய கேட்டதும் என் பாழாப்போன வாயி தானா உச்சு கொட்டிடுச்சி. சத்தியமா சொல்றேன், நான் நெனைக்கவே இல்ல. இத்தினி வருசப் பழக்கம், கொட்டிடுச்சி.

செல்லியம்மாள் மூஞ்சி மாறிச்சி. "பாத்தியா, பாப்பாத்திக்கே தெரியுது. பொய் சொல்லாத மகேஸு, நீயே வந்து பாத்து சொல்லு."

மகேஸ்வரி கிட்ட வந்தா. லைட்ட நிறுத்திட்டுப் பாருங்கக்கான்னு அவ ஒரு வார்த்தை சொன்னா போதும். சங்கவி கண்ணாடி வழியா அம்மாவையே பாத்துக்கினு இருந்தா. மகேஸ்வரி கண்ணு ஒரு தரம் கமலா டீச்சர் பக்கம் போச்சி. டீச்சர் காத தீட்டிக்கினு உக்காந்திருந்துச்சி. அப்புறம் பொண்ணு தலையக் குனிஞ்சி பாத்துட்டு மகேஸ்வரி சொன்னா, "ஆமாங்கக்கா, கொஞ்சம் கம்மிதான். ஆறு சிட்டிங் பண்ணா சரியாயிடும்."

பெத்த பொண்ணு தலைய!

செல்லியம்மாள் கண்ணாடிய கீழ வெச்சிட்டு, "வூட்ல கலந்துக்கினு சொல்றேன்"னு எறங்கிப் போனாங்க. வெற்றிசெல்வன் ரெண்டு நாளு கழிச்சி, அம்மா வேணாம்ங்கறாங்கன்னு ஒரு மெசேஜ் போட்டான். அதோட அந்த நம்பர் எடுக்கல. முதுகெலும்பு இல்லாத பய.

டீச்சர் போனதும் சங்கவி கேட்டா, "லைட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லிட்டு? டீச்சர் கேட்டுக்கினு இருந்தா. நாளைக்கு ஊரே கேக்கும், அப்ப எங்க தலையில கம்மின்னு சொன்னதும் லைட்டு வேலைதானான்னு. மாப்பிள்ளை வேற பாக்கலாம்டி. போன கஸ்டமர எங்கேர்ந்து கொண்டாருவ?"

அன்னிக்கே நான் பஸ் ஏறி மலைக்குப் போயிட்டேன். நாலு நாளு சாமை வெதச்ச காட்டுல களை எடுத்தேன். அஞ்சாம் நாளு திரும்பி வந்து தொடப்பத்த எடுத்தேன். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது, வேற இன்னா பண்றது?

ஒரு மாசம் கழிச்சி செல்லியம்மாள் டை அடிக்க வந்தாங்க. மூஞ்சியில ஒரு வெக்கம் இல்ல, மவனுக்கு வேற எடம் பாத்தாச்சின்னு சொல்லிக்கினே படியேறினாங்க. மகேஸ்வரி பழைய மாதிரியே சிரிச்சி, டீ வரவழைச்சி, "சங்கவி, அக்காவுக்குத் தலையக் கழுவி வுடு" அப்பிடின்னா. எப்பிடி சொல்ல மனசு வந்துச்சோ!

"வாங்க மேடம்" அப்பிடின்னா சங்கவி. அது வரைக்கும் அத்தைன்னு கூப்ட்டவ. முடிய இறுக்கிக் கொண்டை போட்டிருந்தா. அன்னிலேர்ந்து அத விரிச்சி வுட்டு நான் பாக்கல. பொறுமையா கழுவி, டை அடிச்சி, மறுபடி அலசி, ஈரத்தோட மூணாவது சேருக்கு இட்டுக்கினு போனா. லைட்டப் போட்டா. கைக்கண்ணாடிய எடுத்து, வகிட்ட வெலக்கினா.

"ஐயோ மேடம், உச்சி பூரா காலியாவுதே. வூட்ல யாரும் சொல்லலியா?"

சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. என்னால முடியல. பல்ல கடிச்சிக்கினு நின்னேன். அவ ஒரு நிமிசம் பாத்துட்டு, கண்ணாடி பக்கம் திரும்பி, தானே உச்சு கொட்டினா. ஒரே ஒரு வாட்டி.

செல்லியம்மாள் உச்சியத் தொட்டுத் தடவிப் பாத்தாங்க. "எத்தினி சிட்டிங் ஆவும் கண்ணு?"

மேசைகிட்ட நின்னுக்கினு இருந்த மகேஸ்வரி மூஞ்சியில அப்பிடி ஒரு பெருமை. பொண்ணு காலேஜ் முடிச்ச அன்னிக்குக் கூட நான் அதப் பாக்கல.

"உங்களுக்குப் பன்னெண்டு ஆவும் மேடம்"னு சொல்லி, சங்கவி நோட்ட எடுத்து அடுத்த தேதிய எழுதினா.