உப்பு பார்த்தவர்

நூருன்னிசா அக்கா போட்ட திட்டம் எதுவும் போட்டபடி நடந்ததில்லை. அதற்காக அவர் அடுப்பு அணைந்ததும் இல்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கணவர் ஜெய்னுதீன் அண்ணனோடு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருந்தார். அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டதும் கடையை மூடிவிட்டு, கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து, வீட்டிலேயே சமைத்து விற்றார். டயாலிசிஸ் நாளில் இடியாப்பம் கிடையாது, பிழிகிறவர் அண்ணன்தான். அன்றைக்கு மீ கோரிங், வறுத்த நூடுல்ஸ். அண்ணனால் பானை தூக்க முடியாமல் போனதும் அக்கா பெரியதை விற்றுவிட்டுச் சின்னதாக இரண்டு வாங்கினார். "அதுக்கென்ன, மாத்திக்கலாம் லா" என்பார். எனக்கோ வீட்டில் பால் தீர்ந்தாலே தலை சுற்றும்.

போன வருஷ நோன்பு மாதம். அக்காவின் கஞ்சிக்கு நல்ல கிராக்கி. ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு வாயில் வைத்துப் பார்க்கமாட்டார். அண்ணனோ உடம்பு முடியாமல் நோன்பை விட்டவர். ஊரே பட்டினி கிடக்கையில் தான் மட்டும் சாப்பிடுகிற அவமானத்தில் அறைக்குள்ளேயே கிடந்தார். அக்கா கதவைத் தட்டி ஒரு கரண்டியை நீட்டினார்.

"வெளிய வாங்க. உப்பு பாக்க உங்கள விட்டா இந்த வீட்ல யாரு இருக்கா?"

அன்று முதல் மனுஷன் சாயங்கால அசர் தொழுதுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவார். ஒரு வாய் வைப்பார், கண்ணை மூடுவார், "சரியா இருக்கு நூரு" என்பார். அந்த மாதம் முழுக்க அவர் முகத்தில் களை இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருஷமும் அக்கா கஞ்சி காய்ச்சினார். சுவருக்கு மேல் எட்டி என்னைக் கூப்பிட்டார்.

"குமுதா, உனக்குத்தான் நோன்பு இல்லையே. வந்து உப்பு பாரு."

வாயில் வைத்தேன். எனக்குப் பொய் வராது.

"உப்பே பத்தலக்கா."

"என்ன புள்ள சொல்ற? போன வருஷம் போட்ட அதே அளவு. கொறச்சுப் போட்டு, அவங்க கேட்டா கூட்டலாம்னு இருந்தேன். அவங்க ஒரு நாள்கூடக் கேக்கலையே."

போன வருஷம் அந்தக் கஞ்சியில் நாங்கள் எல்லோரும் உப்பு போட்டுத்தான் குடித்தோம். நோயாளி வீட்டுச் சமையல் அப்படித்தான் இருக்கும் என்று தெருவே நினைத்துக்கொண்டது.

அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"அப்போ அவங்களுக்கு ருசியே தெரியல."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"நாக்கு செத்துப்போச்சுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, குமுதா. நான் வேற வேலை குடுத்திருப்பேனே."