கஸ்பார் கேட்ட கீச்சொலி

திண்டுக்கல்லில் மைக் செட் வாடகைக்கு விடும் கஸ்பாருக்கு, தொழிலில் கேட்கும் இரைச்சலே வீட்டில் ஆகாது. வீட்டில் அவர் வைத்திருப்பது வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த உயர்தர ஆம்ப்ளிஃபையர். பாடுகிற ஆள் எதிரே நிற்பதுபோல் இருக்கும்.

அன்று காலை, கோயில் பாடகர் குழுவின் பதிவைப் போட்டார். மனைவி ஜோஸ்பின் பாடிய ஒவ்வோர் அடியின் முடிவிலும் மெல்லிய கீச்சொலி. பாழாய்ப்போன வால்வு! புதிது மாற்றினார். வயர்களைப் பிடுங்கிச் செருகினார். மற்றவர்கள் பாடும்போது ஒன்றுமில்லை. ஜோஸ்பின் பாடினால் மட்டும் கேட்டது.

மாடிப்படி ஏறி வந்த ஜோஸ்பின், "இன்னும் சரியாகலையா? காபி ஆறுது," என்றாள்.

"செத்த இரு, ஆப் பண்ணிட்டு வாரேன்."

அணைத்தார். கீச்சொலி மட்டும் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால், அவள் மூச்சில் கேட்டது.