கீழ் வீட்டு அண்ணன்

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்துபோனது. அதே வாரம், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே, தோட்ட எல்லைக்கு அப்பால் இருந்த சிங்கள வீட்டிலும் ஒரு குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அந்தத் தாய் கண்டி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். குழந்தை போத்தல் பாலைக் கக்கிக்கொண்டே இருந்தது. அதன் தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்று, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தலையைச் சொறிந்தாராம். அம்மா கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாராம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா கடைசியில் ஒன்றையே சொல்வார். "எல்லாரும் நான் அவன காப்பாத்தினேன்னு பேசிக்கிறாங்க. பால் கட்டி, சாப்பிடாம, செவத்தப் பாத்துக்கிட்டு கெடந்தவ நானு. அவன் குடிச்சான், நான் எந்திரிச்சி ஒக்காந்தேன். நாமதான் அவனுக்கு நன்றி சொல்லணும்."

அந்தக் குழந்தைதான் கீழ் வீட்டு அண்ணன்.

அவர் எங்கள் வீட்டில் பாதி வளர்ந்தார். அவருடைய தமிழ் லயத்துத் தமிழ். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் எங்கள் அடுப்படியில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்றுவிட்டுத்தான் தன் வீட்டுக்கு இறங்குவார். என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார்; சிங்களத்தில் தங்கை. படிப்பு ஓடவில்லை. கெலிஓயாவில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். விரல் நகமெல்லாம் கறுப்பு எண்ணெய். லயத்தில் யாருடைய ரேடியோ வாயடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திரும்பப் பூட்டியதும் ஓர் ஆணியாவது மிஞ்சும். ஆனாலும் ரேடியோ பாடும். சிரிக்கும்போது கண் இரண்டும் மூடிவிடும். அப்படி ஒரு சிரிப்பு.

ஒருநாள் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, ஆமியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"எதுக்குடா? கராஜு வேல இருக்கில்ல?"

"நிரந்தர வேலம்மா. எங்க வீட்டுத் தங்கச்சிக்குக் கலியாணம் பண்ணணும். கூரையும் ஒழுகுது."

"யாரச் சுடப் போற?"

அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வடக்கில் அவர் என்ன செய்தார், என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. லீவில் வரும்போது அதைப் பற்றிப் பேசமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம். சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குவார். அவர் எழும்பும் வரை அம்மா யாரையும் உரக்கப் பேச விடமாட்டார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதப் போன காலை அவர் லீவில் இருந்தார். டவுனுக்கு என்னோடு அதே பஸ்ஸில்தான் வந்தார். வழியில் ஆமிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பிறப்புச் சான்றிதழில் ஏதோ பிழை என்று அடையாள அட்டை அதுவரை வந்திருக்கவில்லை. கிராம சேவகரின் கடிதத்தை நீட்டினேன். காவல் நின்ற சிப்பாய் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை மட்டும் ஒதுக்கி நிறுத்தினான். மற்றவர்கள் ஏறினார்கள். என் பேனைப்பெட்டி கைநழுவி விழுந்து சிதறியது.

அண்ணன் ஏறவில்லை. குனிந்து பேனைகளைப் பொறுக்கிக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "இவ என் தங்கச்சி."

சிப்பாய் அவர் நீட்டிய ஆமி அட்டையைப் பார்த்தான்; என் நெற்றிப் பொட்டையும் பார்த்தான். "தமிழ்த் தங்கச்சியா?"

"ஓம். அவளைப் பெத்த அம்மாகிட்ட பால் குடிச்சவன் நான். பரீட்சைக்கு நேரமாகுது, விடு மச்சான்."

அந்தச் சிப்பாயும் சின்ன வயதுக்காரன்தான். கடிதத்தை மடித்து என் கையிலேயே தந்தான். பஸ் போய்விட்டிருந்ததால் நடந்தோம். பரீட்சை மண்டப வாசல் வரை அண்ணன் வாயே மூடவில்லை. கராஜ் முதலாளியின் பழைய வேனைப் பற்றி ஏதேதோ சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். "பயப்படாம எழுது நங்கி" என்று மட்டும் கடைசியில் சொன்னார். எழுதினேன். இன்று நான் ஆசிரியை. அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

வன்னியில் இறந்தார். வயது இருபத்திரண்டு. மூடி முத்திரையிட்ட பெட்டி வந்தது, திறக்க விடவில்லை. கீழ் வீட்டுப் பாதை முழுக்க வெள்ளைக் கொடி. முற்றத்தில் சீருடைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். லயத்து ஆட்கள் பாதை ஓரத்திலேயே நின்றோம். அந்த நாட்களில் அப்படி ஒரு சாவுக்குள் நுழைய எங்களுக்குக் கால் வரவில்லை. அம்மா சேலையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்.

பிக்குமார் ஓதத் தொடங்கும் நேரம், வீட்டார் சேர்ந்து கூசா என்ற குடுவையிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்க்க வேண்டும்; செத்தவருக்குப் புண்ணியம் சேர்க்கும் சடங்கு அது. அவரைப் பெற்ற கீழ் வீட்டு அம்மா கூசாவைத் தொடவில்லை. சுற்றிலும் தேடினார். பிறகு எழுந்து, சீருடைக்காரர்களை விலக்கிக்கொண்டு பாதைக்கே வந்துவிட்டார்.

"அக்கே, வாங்க. நீங்க இல்லாம எப்படி ஊத்துறது?"

இரண்டு பேரும் ஒரே கூசாவைப் பிடித்து ஊற்றினார்கள். கிண்ணம் நிரம்பி வழிந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அவர் நினைவு நாளில் அந்த வீட்டில் பிக்குமாருக்கு அன்னதானம் கொடுப்பார்கள். அம்மா இருந்தவரை அம்மாவோடு போனேன்; அம்மா போன பிறகும் தவறவிடவில்லை. என் கணவர் மட்டும் வரமாட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் வேலைக்கு வந்தவர். அவருடைய தம்பி அதே போரில் மற்றப் பக்கத்தில் நின்று செத்தவன். உடலும் கிடைக்கவில்லை, எந்த நாள் என்றும் தெரியாது. 'வாருங்கள்' என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. 'போகாதே' என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் புறப்படும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு, "நானும் வாறன்" என்றார்.

அங்கே ஒரு மூலைக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் சீருடையோடு அண்ணனின் படம். அதை அவர் பார்க்கவே இல்லை. பிக்குமார் சாப்பிட்டு முடித்ததும் கீழ் வீட்டு அம்மா மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றார். தம்பியைப் பற்றி என் அம்மா எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

"மகன், ஒங்க தம்பி பேர் என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேரைச் சொன்னார். அந்த அம்மா திரும்பிப் போய் பெரிய பிக்குவின் முன்னால் மண்டியிட்டுக் காதருகே பேசினார். புண்ணியம் சேர்க்கும் வார்த்தைகளில் முதலில் அண்ணன் பேர் வந்தது. அடுத்து, எழுத்தெழுத்தாகத் தடுக்கி, என் கணவரின் தம்பி பேர் வந்தது. அங்கிருந்த அத்தனை பேரும் "சாது, சாது" என்றார்கள்.

திரும்பும் வழியில், டவுனுக்குப் போகும் இறக்கத்தில் அவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை வருசத்தில முதல் தரம் ஒரு இடத்தில அவன்ர பேரைச் சத்தமாச் சொல்லிக் கேக்கிறன்" என்றார்.

கீழ் வீட்டு அம்மாவுக்கு இப்போது முழங்கால் முடியாது. தானத்துக்கு முதல் நாளே என் கணவர் அங்கே போய்விடுகிறார். பலாக்காய் வெட்டுவது அவர் பொறுப்பு. பால் ஒட்டாமலிருக்கக் கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு குந்தியிருப்பார். துண்டு பெரிதாகிவிட்டது என்று அந்த அம்மா கதிரையில் இருந்தபடியே அவரை ஏசுவார்.