கிறேபெல்ட்டா, கிளாட்பாக்கா

கிறேபெல்ட்டும் கிளாட்பாக்கும் ஜெர்மனியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு நடுத்தர நகரங்கள். ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. இரண்டிலும் ஒரே மாதிரிக் கடைத்தெரு, ஒரே மாதிரி மழை, மூடிக் கிடக்கும் துணி ஆலைகள். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், எது எதுவென்று அங்கே பிறந்த ஜெர்மன்காரனே தடுமாறுவான். இதை அப்பாவுக்கு முன்னால் சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நாங்கள் கிறேபெல்ட்காரர். அப்படித்தான் அப்பா லண்டன் பிளேஸ்டோவில் எல்லோரிடமும் சொல்லுவார். யாழ்ப்பாணத்தை விட்டு ஜெர்மனிக்குப் போய், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, பிள்ளைகளின் இங்கிலீசுப் படிப்புக்காக லண்டன் வந்தவர்கள் நாங்கள். எங்களைப் போலவே வந்த கிளாட்பாக்காரர் ஒருவர் மூன்று தெரு தள்ளி இருந்தார். வீடுகளுக்குச் சுடுதண்ணிக் கொதிகலன் பூட்டுகிற வேலை. எங்கள் வீட்டுக் கொதிகலனையும் அவர்தான் பூட்டினார். அது எப்போது பழுதானாலும், "கிளாட்பாக் வேலை எண்டால் இப்பிடித்தான்" என்பார் அப்பா.

2009ஆம் ஆண்டு இந்தச் சண்டை முற்றியது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. மே மாதம்வரை போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய்த் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்தவர்கள், அதற்குப் பிறகு ஊர்க் கதையையே எடுப்பதில்லை. அங்கே யார் மிச்சம் என்று கேட்கவே பயம். ஆனால் ஆம்பிளைகளுக்குப் பெருமையடிக்க ஒரு ஊர் வேண்டுமே. அழுவதற்கு ஒரு ஊர், அடிபடுவதற்கு இன்னொரு ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் கிளாட்பாக்காரரின் மகனைத்தான் எனக்குப் பேசினார்கள். எனக்கு அப்போது முப்பத்தொன்று. தவித்த முயல் அடிக்க, நொந்தவளை இன்னும் நோகவைக்க, எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலிலும் கடையிலும் என்னைக் கண்ட மாமிமார், "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் மரக்கறி பொறுக்குவார்கள்.

அவனை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். மனோர் பார்க் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன், தண்ணியாய் ஓடிய சாம்பாரைப் பார்த்து, "ரைன் ஆறு மாதிரி இருக்கு" என்று ஜெர்மனில் முணுமுணுத்தான். நான் சிரித்துவிட்டேன். பிறகு போனில் கதைத்தோம். சின்ன வயதில் சப்பாத்து வாங்கக் கிறேபெல்ட்டுக்குத்தான் ரயிலேறி வந்தானாம், இரண்டு ஊரும் ஒன்றுதான் என்று அவனே சொன்னான். அவனுடைய அப்பா ஹோட்டலில் பெரிய செஃப் என்று சொல்லித் திரிந்தது பொய், ஆட்கள் சாப்பிட்ட கோப்பை கழுவினவர் என்பதையும் அவனே சொன்னான், சிரித்துச் சிரித்து. என்னுடைய அப்பாவும் அப்படித்தான், அவர் மனேஜர் என்று சொல்லித் திரிந்தவர் என்றேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இவனோடு என்றால் வாழ்ந்துவிடலாம் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பார்க்க வந்தார்கள். அவனும் அப்பாவும் மட்டும்தான். அவனுடைய அம்மா இல்லை, செத்துப்போனவர். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை வந்தவர்கள் கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணியும் பலகாரமும்தான். சோற்றில் கை வைத்தால் சரி என்று அர்த்தம். அம்மா நம்பிக்கையில் விடியவே எழும்பிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயசம் எல்லாம் வைத்து மூடியிருந்தா.

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தபோது தொடங்கிவிட்டிருந்தது.

"எங்கட ஊரிலை ட்ராம் ஓடுது அண்ணை. உங்கட ஆக்கள் பஸ்ஸுக்கெல்லோ நிண்டு விறைக்கிறவை," என்றார் அப்பா.

"ட்ராம் என்னத்துக்கு? எங்களுக்கு ஒரு ஊருக்கு ரெண்டு பெரிய ஸ்டேஷன். வேறை எங்கை இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

"ரைன் ஆறு எங்கட பக்கம்."

"ஓம், நீங்கள்தானே வெட்டினனீங்கள்."

நான் தட்டத்தை நீட்டியபடி நின்றேன். யாரும் எடுக்கவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு மாறியிருக்கும். அவன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா தேத்தண்ணியை எடுத்தார், என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"கிறேபெல்ட்டிலை பொம்பிளைப் பிள்ளையளை அவிட்டுவிட்டு வளர்த்தவை எண்டு அப்பவே கதை. அதுதான் சிலதுகள் முப்பது தாண்டியும் வீட்டிலை."

அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். பெற்ற மகளைப் பற்றிய கதை. அப்பா சொன்னார்: "என்னத்தைச் சொன்னாலும் உங்களிட்டை ட்ராம் இல்லைத்தானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டத்தை மேசையில் வைத்தேன்.

"ரெண்டு ஊரும் ஒண்டுதான் அங்கிள். நீங்கள் கிளாட்பாக்கிலை கோப்பை கழுவினனீங்கள், அப்பா கிறேபெல்ட்டிலை கோப்பை கழுவினவர். வேறை என்ன வித்தியாசம்?"

குசினிக்குள் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. இரண்டு ஆம்பிளைகளுடைய முகங்களும் ஒரே நிறத்துக்கு வந்தன. அன்றைக்குத்தான் அவர்கள் சகோதரங்கள் மாதிரித் தெரிந்தார்கள்.

"உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார் அவனுடைய அப்பா.

நான் அவனைப் பார்த்தேன். அவர் நான் பார்த்த பக்கம் திரும்பினார். "நீயோ சொன்னனி?"

"எனக்குத் தெரியாது அப்பா," என்றான் அவன். "நான் இவவோடை பெரிசாக் கதைச்சதில்லை."

பிறகு அவனுடைய அப்பா தொண்டையைச் செருமினார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை. பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் கூடாது. இது சரிவராது."

"ஓம் அண்ணை," என்றார் அப்பா. "நானும் அதைத்தான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்." அத்தனை வருடங்களில் அந்த மனுசன் சொன்ன எதற்கும் அப்பா ஓம் சொன்னதை நான் கேட்டதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு நாங்கள் பட்ட பாடு தெரியாது."

"விறைச்ச தண்ணியிலை கை வெடிச்சது தெரியுமோ இதுகளுக்கு?"

"எனக்கு இந்த விரல் இப்பவும் மடியாது அண்ணை."

"எங்கை, காட்டுங்கோ."

விரலைக் காட்டினார்கள். ஒருவருடைய விரலை மற்றவர் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்பா எழும்பி, "சம்பந்தம் இல்லாட்டி என்ன, சமைச்சதை வீணாக்கக் கூடாது. வாங்கோ அண்ணை," என்றார். அவர் முதலில் மறுத்தார், பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு மேசைக்குப் போனார். என்னை வேண்டாம் என்று சொன்ன வாயால் எனக்காக வைத்த பாயசத்தைக் குடித்தார். நல்ல பாயசம் என்று இரண்டு தரம் சொன்னார். அம்மா அழாமல் பரிமாறினா.

இன்றைக்குவரை அவர்கள் இரண்டுபேரும் உயிர்ச் சிநேகிதர்கள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக்கூட ஒரே காரில்தான் போகிறார்கள். நான் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. அவனுடைய கல்யாணத்துக்கு அப்பா போய்விட்டு வந்து, "நல்ல பெடியன், உனக்குத்தான் குடுத்துவைக்கேல்லை" என்றபோதும் வருந்தவில்லை.

அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் நான் குசினியில் கோப்பை கழுவினேன். அவன் தன்னுடைய சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்று, வெளியே கேட்காத குரலில், ஜெர்மனில், "மன்னிச்சுக்கொள்" என்றான். நான் திரும்பவில்லை. கையை நீட்டிக் கோப்பையை மட்டும் வாங்கினேன். கழுவுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நன்றாகப் பசித்திருக்கிறது, வழித்துச் சாப்பிட்டிருந்தான்.