அவகாசம் உண்டு

முதல் நாள்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த செய்தியை எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் யாரும் நம்பவில்லை.

"வேலை இல்லாதவுக பேரு எழுதுற ஆபீஸ்லயே வேலையா?" என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார். "அப்ப ஊருல உள்ள வேலையெல்லாம் அங்கனதான் பூட்டி வச்சிருக்காகளா?"

தற்காலிக கிளார்க் வேலை. ஆறு மாதத்துக்குத்தான். சீனியாரிட்டிப்படி என் முறை வந்தது, இன்டர்வியூவில் தேறினேன். எங்கள் தேயிலை எஸ்டேட் கேரளத்தில், பீர்மேட்டுப் பக்கம். அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பி.காம். முடித்த முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

சீனியர் கிளார்க் ஓமனச் சேச்சி எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். ஒரு பக்கம் கை இல்லை, இருக்கை கிழிந்து பஞ்சு தெரிந்தது. "இவிடெ இரிக்கு மோளே" என்றார். உட்கார்ந்தேன்.

மதியம் அம்மா மலையிலிருந்து போன் செய்தார்.

"என்னட்டி செய்யுத?"

"உக்காந்திருக்கேம்மா."

"காலையில இருந்தா?"

"ஆமா."

"கால் வலிக்கலையே?"

"இல்லம்மா."

பிறகு, "நல்லா உக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வாரம் பழைய சேலையை மடித்துத் தைத்து ஒரு மெத்தை கொடுத்தனுப்பினார். கிழிசல் மறைந்தது.

வேதனமும் வேதனையும்

இனிமேல் பெயர் பதியப் போகிறவர்களுக்காக அங்கே நான் கற்ற விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் பதிந்த நாளிலிருந்து சீனியாரிட்டி ஓடத் தொடங்கும். அரசு அலுவலகம் ஏதாவது தற்காலிகமாக ஆள் கேட்டால், அந்த வரிசைப்படி பெயர்களை அனுப்புவோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவுக் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதற்கு மேல் தரும் சலுகை நாட்களும் தாண்டிவிட்டால், எத்தனை வருடம் காத்திருந்தாலும் நேற்றுப் பதிந்தவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

காத்திருந்தும் வேலை கிடைக்காத இளைஞர்களுக்கு ஒரு சிறு தொகை உண்டு. மனுவைப் பஞ்சாயத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் கார்டு இல்லாமல் அது நகராது. மலையாளத்தில் அதற்குத் தொழிலில்லாய்ம வேதனம் என்று பெயர். வேதனம் என்றால் சம்பளம். எங்கள் ஆட்களின் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. "மேடம், இந்த வேதனைக் காசு எப்ப வரும்?" என்றுதான் கேட்பார்கள். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. குடும்ப வருமானத்துக்கும் வரம்பு உண்டு. அது எவ்வளவு கீழே இருக்கிறது என்றால், வீட்டில் ஒருவர் கொழுந்து கிள்ளினாலே தாண்டிவிடும். டிப்ளமோ முடித்த ஒருவர் கவுன்டரில் நின்று கேட்டார்: "எனக்கு வேலை இல்லைன்னு வந்தா, ஒங்கம்மாவுக்கு ஏன் வேலை இருக்குன்னு கேக்குதீகளே மேடம்?"

பதில் விதியில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினேன்.

முத்துச்செல்வி அக்கா

என் நான்காவது மாதத்தில் சிறப்புப் புதுப்பித்தல் உத்தரவு வந்தது. கார்டைப் புதுப்பிக்கத் தவறியவர்கள் குறித்த தேதிக்குள் வந்தால் இழந்த சீனியாரிட்டி திரும்பக் கிடைக்கும். அரசு எப்போதாவதுதான் இப்படிக் கதவைத் திறக்கும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

அதற்கு இரண்டு நாள் முன்பு முத்துச்செல்வி அக்கா வந்திருக்கிறார். எங்கள் எஸ்டேட்டின் கீழ் டிவிஷன்காரர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அங்கிருந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிய ஒரே பெண் அவர். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஜீப்பில் ஏறும் ஆசை வந்தது. பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்தார். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து, ஒழுங்காகப் புதுப்பித்து வந்தவர், பிரசவத்துக்குக் கம்பம் போயிருந்த சமயத்தில் ஒரு தடவை தவறவிட்டார். அத்தனை வருடமும் போயிற்று. இப்போது வயது முப்பத்து நான்கு. ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல்.

அவர் வந்த நேரம் நான் உள் அறையில் ஆபீசரோடு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்டரில் நடந்ததை இருவரிடமும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அக்கா கார்டை நீட்டி, தனக்குப் பழைய சீனியாரிட்டி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். ஓமனச் சேச்சி கார்டைப் பார்த்துவிட்டு, "நினக்கு அவகாசம் உண்டு. பேடிக்கேண்டா" என்றிருக்கிறார். பேடிக்கேண்டா என்றால் பயப்படாதே. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. சேச்சியைக் கும்பிட்டுவிட்டு, நீண்ட வரிசையைப் பார்த்து, கார்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜீப் பிடிக்கப் போய்விட்டார். வரிசையில் போய் நிற்கிறார் என்று சேச்சி நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில்

வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரேவதி, ஒங்க ஆபீஸ்ல அந்த மலையாளத்தம்மா தங்கமானவுக."

"ஓமனச் சேச்சியா? புதுப்பிச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல புள்ள, ஒரே கூட்டம். அவகாசம் இருக்குன்னு சொல்லிட்டாகல்லா. ஹோம்ஸ்டேயில ஆள் நெறைஞ்சு கெடக்கு. அடுத்த மாசம் வாரேன்."

"அக்கா, நாளையோட முடியுது."

"சும்மா வெளையாடாத. என் காதால கேட்டேன். அவகாசம் உண்டு, பயப்படாதன்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் வளைவில் திரும்பியது. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, நம்ம பேச்சுல அவகாசம்னா நேரம். மலையாளத்துல அவகாசம்னா உரிமை. அவங்க ஒங்களுக்கு நேரம் இருக்குன்னு சொல்லல. உரிமை இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

அவர் பதறுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு உரிமை இருக்குன்னா சொன்னாக?"

"ஆமாக்கா."

"இத்தனை வயசுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லையே ரேவதி" என்றார். அடுத்த நிமிடமே என் தொடையில் ஓங்கித் தட்டினார். "ஏ புள்ள, நாளைக்கு எத்தனை மணி வரைக்கும்?"

வெள்ளிக்கிழமை

அக்காவின் பதிவு பழையது. கம்ப்யூட்டரில் சரியாக ஏறவில்லை. வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் முடிக்க வழியில்லை, நேரில்தான் வரவேண்டும். ஹோம்ஸ்டே முதலாளி லீவு தரவில்லை. விருந்தாளிகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டாராம்.

மதியம் கடந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலேயே சேச்சியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். முதலில் அவர் சிரித்துவிட்டார். "ஈஸ்வரா, ஞான் நல்லதல்லே பறஞ்ஞது!" என்றார். நான் நல்லதைத்தானே சொன்னேன் என்று. பிறகு சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பின் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

"இதுபோலெ எத்ர பேர் போயிக் காணும் மோளே?" என்று என்னிடம் கேட்டார். இப்படி எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்களோ என்று.

வரிசை கரைந்து, பியூன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தபோது அக்கா ஓடி வந்தார். கையில் மஞ்சள் கறை, சேலையில் மீன்குழம்பு வாசம். மூச்சு வாங்கியது. கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மலையாளத்தில் சொன்னார்:

"சேச்சி, எனிக்கு அவகாசம் உண்டு."

"உண்டு, உண்டு" என்று சேச்சி கார்டை வாங்கினார். நான் டைப் செய்தேன். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வயதில் தொடங்கிய சீனியாரிட்டி திரும்பி வந்தது. அக்கா கார்டை வாங்கி, மஞ்சள் படாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

திங்கட்கிழமை சேச்சி என்னை அறிவிப்புப் பலகையின் முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் தமிழிலும் எழுதச் சொன்னார். "கடைசி நாள்" என்று பெரிதாக எழுதினேன். அந்தச் சுவரில் முதல் தமிழ் எழுத்து என்னுடையது.

மறுபடியும் வரிசையில்

ஆறு மாதம் முடிந்தது. தற்காலிக வேலை நீளாது என்பது முதல் நாளே தெரியும். தெரிந்திருந்தும், கடைசி வாரம் முழுக்க யாராவது வந்து "இன்னும் கொஞ்ச நாள் இரு" என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அந்த நாற்காலிக்கு அடுத்து ஆள் எடுத்தபோது, சீனியாரிட்டி வரிசையில் முதலில் நின்ற பெயர் முத்துச்செல்வி. இன்டர்வியூவிலும் தேறினார். அம்மா தைத்த மெத்தையை எடுக்காமல் வந்தேன். அந்தக் கிழிசலில் அவர் உட்காரக் கூடாது.

இப்போது டியூஷன் எடுக்கிறேன், பரீட்சைகளுக்குப் படிக்கிறேன். டவுனுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். அந்தப் பக்கம்தான் ஆபீஸ். அதன் ஜன்னல் கண்ணாடிக்குள் ஒரு தலை குனிந்திருப்பது ஒரு நொடி தெரியும். அந்த ஒரு நொடிக்கு என் விரல்கள் டைப் அடிக்கும்.

தற்காலிக வேலை முடிந்தவர்கள், விடுவிப்புச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். இதுவும் விதிதான், மறக்காதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். கவுன்டரில் யாராவது நல்ல வார்த்தை சொன்னால் சந்தோஷப்படுங்கள். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பிவிடாதீர்கள். எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள்.

நானும் சான்றிதழோடு வரிசையில் நின்றேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம். இந்தப் பக்கம் கால் வலித்தது. என் முறை வந்ததும் முத்துச்செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி போட்டிருந்தார். சான்றிதழை வாங்கித் தேதியைச் சரிபார்த்து, பதிந்து, கார்டைத் திருப்பித் தந்தார்.

"ஒனக்கு அவகாசம் உண்டு ரேவதி" என்றார்.

"எந்த அவகாசம்க்கா? நம்மளதா, அவங்களதா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டுந்தான் புள்ள."